மருதமுனைச் சாறியை எங்கே விற்பது: பேஸ்புக்கா, டராஸா, சொந்தத் தளமா?

ஒன்லைனில் யாவாரம் தொடங்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்டுக் கிழமைக்கு ஒருவராவது எனக்கு வொய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள். கல்முனையில் உடுப்புக் கடை வைத்திருக்கும் ஒரு நானா, ஏறாவூரில் கேக் செய்யும் ஒரு ராத்தா, போன கிழமை திருக்கோவிலிலிருந்து கஜு பொதி செய்து விற்கும் ஒரு தங்கச்சி. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னது போதும், கணக்கோடு ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு மருதமுனையில். வாப்பாவுக்கு மூன்று தறி. 2004இல் கடல் வந்தபோது இருந்ததெல்லாம் போய், மறுகா ஒன்றொன்றாகப் பூட்டிய தறிகள். சாறியும் சாறனும் நெய்கிறோம். மொத்த யாவாரிகள் வீட்டுக்கே வந்து, அவர்கள் சொல்கிற விலைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள், காசு அடுத்த மாதம் வரும், சில நேரம் அதற்கடுத்த மாதம். அதே சாறி கொழும்புக் கடையில் எந்த விலைக்குத் தொங்குகிறது என்று ஒரு தடவை கண்ணால் கண்ட பிறகுதான் என் ராத்தா, அதாவது என் மூத்த சகோதரி, போனைக் கையில் எடுத்தார். அன்றிலிருந்து பேஸ்புக், டராஸ் என்ற ஒன்லைன் சந்தை, சொந்தத் தளம் மூன்றிலும் கை வைத்துப் பார்த்துவிட்டோம். எதில் ஆள் அதிகம் வருகிறார்கள், எதில் படம் அழகாகத் தெரிகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று: சாமான் உங்கள் கையை விட்டுப் போன நாளுக்கும் காசு உங்கள் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் எத்தனை நாள், அந்த நாட்களில் நட்டம் வந்தால் யார் தலையில் விழும்?

முதலில் உங்கள் சாமான் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அமேசன் 1995இல் கடை திறந்தபோது புத்தகத்தில்தான் தொடங்கியது. ஏனென்றால் ஒரு புத்தகத்தை எங்கே வாங்கினாலும் அதே புத்தகம்தான், தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, கிழியாமல் உடையாமல் தபாலில் போகும். அதே ஆண்டில் தொடங்கிய ஈபேயில், யாரென்றே தெரியாத ஒருவர் விற்க இன்னொருவர் வாங்கினார், அதனால் அங்கே முதலில் தீர்க்க வேண்டியிருந்தது நம்பிக்கைப் பிரச்சினை. அடுத்த ஆண்டே வாங்கியவர் விற்றவருக்குக் கருத்துப் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். முப்பது வருடம் ஆகியும் இந்த இரண்டு விஷயமும் மாறவில்லை. போன் கவர், சார்ஜர், பிள்ளைகளின் கொப்பி, கம்பனி பெயர் போட்ட ஷாம்பு எல்லாம் புத்தகம் மாதிரி, எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். கைத்தறிச் சாறி அப்படியில்லை. வாழைச்சேனைச் சட்டித் தயிர் கூரியரில் ஏறவே ஏறாது. கேக் அரை நாளுக்கு மேல் தாங்காது. எந்த வழி என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும்.

சரி, பேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப்பும். நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் தொடங்குவது இதில்தான், தொடங்க வேண்டியதும் இதில்தான் என்பது என் கருத்து. வாடகை இல்லை, கொமிஷன் இல்லை, வாட்ஸ்அப் பிஸ்னஸில் பொருட்களைப் படம் விலையோடு அடுக்கி வைக்கும் கட்டலொக்கும் இலவசம். ஆனால் இலவசம் என்பதற்காக எடுத்த எடுப்பில் படத்தை ஏற்றிவிடாதீர்கள். எங்களுக்கு வந்த முதல் தகராறே படத்தால்தான். ராத்தா இரவு எட்டு மணிக்கு, தறிக் கொட்டிலின் எல்ஈடி பல்ப் வெளிச்சத்தில் ஒரு மெரூன் சாறியை எடுத்துப் போட்டார், படத்தில் அது மண்ணிறமாக விழுந்தது. மண்ணிறம் பிடித்துத்தான் குருநாகலில் ஒருவர் வாங்கினார், பார்சலைப் பிரித்தால் மெரூன். அவர் கோபப்பட்டதில் பிழையே இல்லை. இப்போது காலை எட்டு மணிக்கு முன்வாசலில், நேர் வெயில் படாத இடத்தில் சாறியை விரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்து எடுக்கிறோம். படத்தில் கடதாசி வெள்ளையாகத் தெரிந்தால் சாறியின் நிறமும் சரியாக இருக்கும், மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்தப் படம் கூடாது. அப்புறம் துணிக்குக் கீழே உள்ளங்கையை வைத்து ஒரு பத்து செக்கன் வீடியோ, எவ்வளவு மெல்லியது, எப்படி விழுகிறது என்பது அதில்தான் தெரியும். கரை எத்தனை அங்குலம், முந்தானை எத்தனை அங்குலம், பிளவுஸ் துண்டு உண்டா இல்லையா, முதல் தடவை கழுவும்போது சாயம் விடுமா, எல்லாவற்றையும் எழுதிப் போடுங்கள். எழுதிய பிறகு கேள்வி குறைந்தது, திரும்பி வரும் பார்சலும் குறைந்தது.

இனிக் காசு. இங்கேதான் பலர் விழுகிறார்கள். வாங்குகிறவருக்குப் பிடித்தது கேஷ் ஒன் டெலிவரி, நம் ஆட்கள் சீஓடி என்பார்கள், சாமான் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு காசு. தனியார் கூரியர்கள் செய்கிறார்கள், தபால் திணைக்களமும் செய்கிறது. யார் என்று தெரியாத பக்கத்துக்கு முன்கூட்டியே காசு போட யாருக்குத்தான் மனம் வரும்? வாங்குகிறவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்கிறவர் பக்கமும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சாறி 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல், சாயம், நெசவுக் கூலி சேர்த்து 3,300. மிச்சம் 1,200. கூரியர் 450, அதை வாங்குகிறவரே தருகிறார். இருபது சாறி அனுப்பினால் மூன்று திரும்பி வருகிறது: போன் எடுக்கவில்லை, ஊரில் இல்லை, மனம் மாறிவிட்டது. அந்த மூன்றின் கூரியர்க் காசு 1,350 ரூபாய் உங்கள் தலையில், அதாவது ஒரு முழுச் சாறியின் லாபம் போய்விட்டது. திரும்பி வருவதற்கும் தனியாகக் காசு பிடிக்கும் கூரியர் என்றால் இன்னும் மோசம்.

அதுகூடப் பரவாயில்லை, தாங்கலாம். தாங்க முடியாதது மற்றது. இருபது சாறியில் முடங்கிக் கிடக்கும் நூலும் கூலியும் 66,000 ரூபாய். கூரியர்காரர் காசைச் சேர்த்து உங்கள் கணக்குக்குப் போட ஒரு கிழமை, பத்து நாள் ஆகிறது. திரும்பி வரும் பார்சல் இன்னும் பிந்தும். மூன்று தறி உள்ள வீட்டில் 66,000 ரூபாய் பத்து நாள் வெளியே நின்றால் தறியில் ஏற்றும் அடுத்த பாவுக்கு நூல் வாங்கக் காசு இருக்காது, தறி சும்மா நிற்கும், நெய்கிறவருக்குக் கூலி கொடுக்க முடியாது. ஒரு தடவை எங்கள் காசு ஒரு கூரியரில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. நாளைக்கு, நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாப்பா தறியில் வெறுமனே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். "மொத்த யாவாரிக்குக் குடுத்தாலும் இதே கதைதானே மகன், பின்ன என்னத்துக்கு இந்தப் பாடு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் முறையை மாற்றினோம்.

இப்போது எங்கள் முறை இது. முதல் தடவை வாங்குகிறவர் கூரியர்க் காசை மட்டும் முன்னுக்குப் போட வேண்டும், மிச்சம் சீஓடி. அந்த 450 ரூபாயைப் போட்டவர் பார்சலை எடுக்காமல் விடுவது மிகக் குறைவு, விட்டாலும் நமக்கு நட்டம் இல்லை. இரண்டாம் தடவை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே முழுக் காசையும் போட்டுவிடுகிறார்கள், துணியை ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்துவிட்டார்கள் அல்லவா. நிறமும் கரையும் சொல்லி நெய்யக் கேட்டால் பாதிக் காசு முன்பணம், அந்த முன்பணமே நூலாகிறது. கடன் வாங்காமல் தறி ஓடுவது இந்த முன்பணத்தால்தான். இதில் ஓர் எச்சரிக்கை. காசு போட்டாச்சு என்று ஸ்லிப் படம் அனுப்புவார்கள், படத்தை யாரும் திருத்தலாம். வங்கிக்கு வங்கி உடனே காசு மாறும் செஃப்ட்ஸ் முறை 2015இலிருந்து இருக்கிறது, அதில் போட்டிருந்தால் சில நிமிடத்தில் உங்கள் கணக்கில் தெரியும். தெரிந்த பிறகே பார்சல் கட்டுங்கள். ஓடரை உறுதிப்படுத்த வேண்டும், உங்கள் ஓடிபியைச் சொல்லுங்கள் என்று கேட்டால் அந்த நிமிடமே போனை வையுங்கள். உங்களுக்குக் காசு வருவதற்கு எந்த ஓடிபியும் தேவையில்லை.

பேஸ்புக்கில் இன்னொரு பயமும் இருக்கிறது, அது எங்களை விட வேறு யாருக்கும் அதிகம் தெரிந்திருக்க முடியாது. 2018 மார்ச்சில் கலவரத்தின்போது அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நாட்கணக்கில் நிறுத்தியது. 2019 ஏப்ரலிலும் நிறுத்தினார்கள், 2022 ஏப்ரலிலும் சில மணி நேரம். அந்த நாட்களில் பக்கத்தை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளர் யார், எங்கே என்றுகூடப் பார்க்க முடியவில்லை. பக்கத்தை யாராவது களவாக உள்ளே நுழைந்து பிடித்துக்கொண்டாலும் இதே நிலைதான். ஆகவே ஒரு கொப்பி. பெயர், போன் நம்பர், ஊர், என்ன வாங்கினார், எந்த நிறம் கேட்டார். ராத்தாவின் நீலக் கொப்பிதான் எங்கள் யாவாரம், பக்கம் அதற்கு ஒரு வாசல் மட்டும்.

டராஸுக்கு வருவோம். 2018இல் சீனாவின் அலிபாபா வாங்கிய நிறுவனம் அது, இலங்கையில் சந்தைத் தளம் என்றால் எல்லோர் வாயிலும் வருவது இதுதான். வாங்குகிற மனத்தோடு வருகிற கூட்டம் அங்கே இருக்கிறது, பேஸ்புக்கில் கல்யாண வீட்டுப் படம் பார்க்க வந்தவரைப் பிடித்து இழுத்து விற்க வேண்டிய பாடு இல்லை. காசு வாங்குவது, பார்சல் எடுப்பது, திரும்ப அனுப்புவது எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருக்கிறது. வாங்குகிறவருக்கும் தளத்தின் மேல் நம்பிக்கை, உங்களைத் தெரிய வேண்டியதில்லை. இதெல்லாம் பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் சாறி அங்கே நின்ற இடத்தைப் பாருங்கள். சாறி என்று தேடினால் பக்கம் பக்கமாக மெஷின் சாறிகள், எங்கள் விலையில் பாதிக்கும் கீழே. நடுவில் கைத்தறி ஒன்று. சின்னப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், விலைதான் வேறு. கொமிஷன் வகைக்கு வகை மாறும், கணக்குக்கு 10 வீதம் என்று வைத்தாலும் 4,500 ரூபாய்ச் சாறியில் 450 போகிறது, எங்கள் 1,200 உடனே 750 ஆகிறது. விலைக்கழிவு நாட்களில் நாங்களும் கழிவு கொடுத்தால்தான் மேலே தெரிவோம். இதற்கெல்லாம் மேலாக, வாங்கியவரின் நம்பர் நீலக் கொப்பிக்கு வராது. அவர் டராஸின் வாடிக்கையாளர், உங்களுடையவர் இல்லை. அடுத்த பெருநாளுக்குப் புது டிசைன் வந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வழியில்லை. மூன்று மாதம் வைத்திருந்துவிட்டுச் சாறியை எடுத்துவிட்டோம். சாறன் சில இன்னும் நிற்கிறது, சாறனில் அளவும் நிறமும் சொன்னால் ஆட்களுக்குப் போதும், அது கொஞ்சம் புத்தகம் மாதிரி.

கல்முனை நானாவுக்கு நான் டராஸைத்தான் சொன்னேன். அவர் கடையில் உள்ளவை பிள்ளைகளின் ரெடிமேட் உடுப்பு, ஒரே டிசைனில் ஐம்பது அறுபது இருக்கிறது, கடைக்கு வாடகை ஏற்கெனவே கொடுக்கிறார், ஒரு கிழமை காசு பிந்தினால் கடை மூடாது. அவருக்கு அந்தக் கூட்டம் தேவை. கஜு தங்கச்சிக்கும் பிறகு பார்க்கலாம் என்றேன், ஆனால் சாப்பாட்டுச் சாமான் என்றால் நிறை, பொதி செய்த திகதி, காலாவதித் திகதி எல்லாம் போட்ட ஒழுங்கான லேபல் முதலில் வேண்டும். பொலித்தீன் பையில் கட்டிப் படம் எடுத்தால் தெரிந்தவர்கள்தான் வாங்குவார்கள்.

சொந்தத் தளம். எல்லோருக்கும் இதில்தான் ஆசை, விசிட்டிங் கார்ட்டில் போடவும் முகவரி சொல்லவும் பெருமையாக இருக்கும். டொட் எல்கே பெயர் எடுக்கலாம், தமிழிலேயே டொட் இலங்கை என்று முடியும் பெயரும் 2010இலிருந்து இருக்கிறது. ஆனால் தளம் திறந்துவிட்டால் ஆள் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெப்சைட் செய்து தருகிறோம் என்று வருகிறவர்கள் சொல்லாத விஷயம் இதுதான், பேஸ்புக்கில் காசு கொடுத்து விளம்பரம் போட்டு நீங்கள்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நாங்கள் தொடங்கிய முதல் தளத்தில் மூன்று மாதத்தில் வந்த ஓடர் நான்கு, அதில் இரண்டு சொந்தக்காரர்.

மாதச் செலவு டொலரிலா ரூபாயிலா என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒன்லைன் கடை அமைத்துத் தரும் ஷொப்பிஃபை போன்றவை மாதாமாதம் டொலரில் எடுக்கும். 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. ஓடர் ஒன்றுகூடக் கூடவில்லை, தளத்தின் வாடகை மட்டும் சில மாதத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. தளம் செய்யும் வேர்ட்பிரஸில், அதைக் கடையாக்கும் வூகொமேர்ஸைப் போட்டால் மென்பொருளுக்குக் காசில்லை, தளத்தை வைக்கும் இடமான ஹொஸ்டிங்கை இங்கேயே ரூபாயில் வாங்கலாம், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வீட்டில் இருக்க வேண்டும். வங்கிக் கார்ட்டில் காசு வாங்க, வெளிநாட்டுச் சேவையான ஸ்ட்ரைப் இலங்கை யாவாரங்களுக்குக் கணக்குத் தருவதில்லை, பேஹியர் போன்ற உள்ளூர்ச் சேவைதான் வழி. அதற்கு வியாபாரப் பெயர்ப் பதிவும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். பதிவைப் பிரதேச செயலகத்தில் போய்ச் செய்துகொள்ளுங்கள், தளம் தொடங்காவிட்டாலும் அது தேவைப்படும், வங்கியில் கடன் கேட்கும்போதும் முதலில் கேட்பது அதைத்தான்.

இத்தனையும் சொன்ன பிறகும் தளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொப்பியில் திரும்பத் திரும்ப வாங்குகிற ஒரு நூறு பேர் சேர்ந்த பிறகு தொடங்குங்கள். அப்போது தளத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை, அந்த நூறு பேருக்கு லிங்க் அனுப்பினால் போதும், ஒரே விலையை நாற்பது தடவை டைப் செய்யும் வேலையும் மிச்சம்.

வெளிநாட்டுக்கு விற்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. லண்டனிலும் டொரொன்டோவிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், கைத்தறி என்றால் ஆசையாக வாங்குவார்கள், ஆனால் பார்சல் செலவு சாறியின் விலையை நெருங்கும். பேபாலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், இலங்கைக் கணக்கிலிருந்து காசு கட்டலாம், வாங்க முடியாது என்ற நிலைதான் நீண்ட காலமாக இருந்தது. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக எடுத்தால் மட்டும் நாங்கள் அனுப்புகிறோம், காசை அவர்களின் சொந்தக்காரர் யாராவது இங்கே வங்கியில் போடுவார்.

ஆனால் ஏறாவூர்க் கேக் ராத்தாவுக்கு இதே வெளிநாட்டு ஆட்கள்தான் நல்ல வழி, அதுவும் கூரியரே இல்லாமல். கல்லடியில் இருக்கும் உம்மாவுக்குப் பிறந்தநாள் என்று மகன் கனடாவிலிருந்து காசு போடுகிறார், கேக்கை இங்கேயே செய்து, மோட்டார்பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்து, கொடுக்கும்போது ஒரு வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினால் முடிந்தது. முழுக் காசும் முன்னுக்கே வருகிறது, திரும்பி வருவது கிடையாது. கொழும்பில் கப்ருக என்ற ஒன்லைன் கடை வளர்ந்ததும் இப்படி வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பரிசு அனுப்புகிறவர்களை வைத்துத்தான். ஏறாவூரிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி வரைக்கும் மட்டும் என்று எல்லை போட்டுத் தொடங்கச் சொன்னேன். களுவாஞ்சிகுடிக்கும் வேண்டும் என்று கேட்பார்கள், வெயிலில் கிரீம் உருகும், இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட வேண்டும். மணி வித்தியாசத்தால் ஓடர் நடுச்சாமத்தில் வரும், காலை ஆறு மணிக்குப் போன் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

எங்களைப் போல் சிறிய தறி வீடு என்றால் என் சொல் இது: பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும், கூரியர்க் காசு முன்னுக்கு, சொல்லி நெய்வதற்குப் பாதி முன்பணம், கொப்பி, நூறு பேர் சேர்ந்த பிறகு தளம். டராஸில் சாறன் மட்டும். ராத்தாவின் கொப்பியில் இரண்டு தடவைக்கு மேல் வாங்கியவர்கள் இப்போது எண்பத்து மூன்று பேர், அடுத்த வருடம் தளத்தை மறுபடியும் திறக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால் நோன்புப் பெருநாள் வருகிறது. எங்கள் தறியில் ஒரு சாறி இறங்க இரண்டு நாள், மூன்று தறி என்றால் கிழமைக்குப் பத்துக்கு மேல் போகாது. போன வருடம் இதைக் கணக்குப் பார்க்காமல் வந்த ஓடரையெல்லாம் எடுத்து, பெருநாளுக்கு முதல் நாள் ஏழு பேருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். இந்தத் தடவை நாற்பது சாறி என்று முடிவு. நாற்பதாவது முன்பணம் வந்தவுடன் ஓடர் நிறுத்தம் என்று பக்கத்தின் மேலேயே ராத்தா எழுதிப் போட்டுவிட்டார், இன்றுவரை இருபத்தாறு வந்திருக்கிறது.